போன வருஷம் சரி, இந்த வருஷம் தப்பா?

கேள்வி: நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மாலை நேர டியூஷன் நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் ஒன் வரை அறிவியல். அணு அமைப்புப் பாடம் வந்தாலே சங்கடமாக இருக்கிறது. "டால்டன் சொன்னது தப்பு, தாம்சன் சொன்னது தப்பு, ரூதர்போர்டு தப்பு, போரும் தப்புன்னா எதுக்குக்கா இவங்களை எல்லாம் மனப்பாடம் பண்ணணும்? இப்ப சொல்லித்தர்றதும் அடுத்த வருஷம் தப்பாயிடுமா?" என்று பிளஸ் ஒன் பையன் ஒருவன் கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இன்னொரு பெண்ணின் தாத்தா, "அணுவைப் பத்தி நம்ம ஆளுங்க அப்பவே சொல்லிட்டாங்கன்னு உங்க டீச்சர்கிட்ட சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இருவருக்கும் என்ன சொல்வது? நீட் கணக்குக்கே நேரம் போதவில்லை. இந்த வரலாற்றை விட்டுவிடலாமா? பெயர் வேண்டாம்.
— ஒரு டியூஷன் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பதில்: இயற்பியல் பேராசிரியர்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

அந்தப் பையன் கேட்டது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. பாடத்தைக் கவனித்துப் படிக்கிற பிள்ளைக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். கல்லூரி முதலாண்டு வகுப்பிலும் இது வருகிறது. காரணம், நோட்ஸ் எழுதப்படுகிற விதம். நான்கு படம், நான்கு பெயர், ஒவ்வொன்றின் கீழும் 'குறைபாடுகள்' என்று ஒரு பத்தி. எந்தக் கேள்விக்கு விடையாக அந்தப் படம் வந்தது என்பது எங்கும் இருக்காது. கேள்வியை எடுத்துவிட்டு விடையை மட்டும் படித்தால், அடுத்த விடை வந்ததும் முந்தியது தப்பு என்றுதான் தோன்றும்.

அவனிடம் நேராகவே சொல்லுங்கள். இந்த நான்கு பேரும் ஏதோ ஓர் அளவீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். அந்த அளவீடுகள் பிற்பாடு இன்னும் துல்லியமாயினவே தவிர, பொய்யாகவில்லை. அளவீட்டை ஒட்டி அவர்கள் ஊகித்துச் சொன்னதில்தான் சிலது உதிர்ந்தது. எது நின்றது, எது உதிர்ந்தது என்று பிரித்துக் காட்டினால் அவன் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

டால்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் உங்களைப் போல டியூஷன் சொல்லிக்கொடுத்துத்தான் மான்செஸ்டரில் காலம் தள்ளினார். பெரிய ஆய்வகம் கிடையாது. வானிலையைத் தினமும் குறித்துவைக்கும் பழக்கம் இருந்தது. காற்றில் என்னென்ன வாயுக்கள் எப்படிக் கலந்திருக்கின்றன என்ற யோசனை அங்கிருந்துதான் கிளம்பியது. அவருக்கு முன்னால் இருந்த புதிர் இது: 12 கிராம் கார்பன் 16 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஒரு வாயு, 32 கிராமோடு சேர்ந்தால் இன்னொரு வாயு. 20 கிராமோ 25 கிராமோ எடுத்துச் சேர்த்து மூன்றாவதாக ஒரு வாயுவை உண்டாக்க முடிவதில்லை. ஏன் சரியாக இரண்டு மடங்கு? சர்பத்தில் சர்க்கரையைக் கூட்டிக் குறைத்துப் போடுவதுபோல இதில் ஏன் முடியவில்லை? பொருள் எண்ணக்கூடிய துண்டுகளால் ஆனதாக இருந்தால்தான் இது நடக்கும். ஒன்றோடு ஒன்று சேரலாம், ஒன்றோடு இரண்டு சேரலாம், ஒன்றோடு ஒன்றேகால் சேர முடியாது. 1808-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் உயிர்நாடி இதுதான்.

'அணுவைப் பிளக்க முடியாது' என்பது உதிர்ந்துவிட்டது. 'ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை' என்பதும் ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் வேறு வேறு எடையுள்ள அணுக்கள், வந்தபின் போனது. ஆனால் உங்கள் மாணவன் இன்று போடுகிற ஒவ்வொரு மோல் கணக்கும், சமன் செய்கிற ஒவ்வொரு சமன்பாடும், டால்டனின் அந்த முழு எண் விகிதத்தின் மேல்தான் நிற்கிறது. இதைக் கரும்பலகையில் காட்டாமல் 'குறைபாடுகள்' பத்திக்குப் போகவே போகாதீர்கள்.

டால்டன் உண்மையிலேயே சறுக்கிய இடம் ஒன்று இருக்கிறது, நம் பாடப்புத்தகங்கள் அதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்று வைத்துக்கொண்டார். இருப்பதிலேயே எளிய சேர்க்கையாக இருக்கட்டும் என்பது தவிர அதற்கு ஆதாரம் இல்லை. அதனால் ஆக்சிஜன் அணுவின் எடை அவர் பட்டியலில் 7 என்று ஏறியது. அதைச் சரிசெய்யும் வழியை 1811-லேயே அவகாட்ரோ சொன்னார். சம கனஅளவு வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு வேதியியலாளர்கள் ஆளுக்கொரு வாய்பாடு எழுதிக்கொண்டிருந்தார்கள். 1860-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிப் பேசினார்கள். அங்கே இத்தாலிக்காரர் கன்னிஸாரோ அவகாட்ரோவின் கருத்தை எடுத்து விளக்கிய பிறகுதான் அணு எடைகள் ஒழுங்குக்கு வந்தன. அந்தக் கூட்டத்தில் இருந்த இளைஞர் மெண்டலீவ். ஒன்பது வருடத்தில் அவர் தனிம வரிசை அட்டவணையைக் கொண்டுவந்தார். தண்ணீரின் வாய்பாட்டைத் தீர்த்து வைக்கவே இவ்வளவு காலம் ஆனது என்று கேட்டால் பிள்ளைகளுக்கு அந்த மூன்று எழுத்தின் மேல் மரியாதை வரும்.

அணு இருக்கிறதா இல்லையா என்பதே 1900 வாக்கில் தீராத வழக்காகத்தான் இருந்தது. இதையும் சொல்லுங்கள். கணக்குக்கு வசதியான கற்பனை என்று ஓஸ்ட்வால்ட், மாக் போன்ற பெரிய விஞ்ஞானிகளே நினைத்தார்கள். அந்த வழக்கைத் தீர்த்த விஷயத்தை நீங்கள் டியூஷனிலேயே காட்டலாம். பக்கத்துப் பள்ளியில் மைக்ராஸ்கோப் இரவல் கேட்டுப் பாருங்கள், 400 மடங்கு பெரிதாக்கினால் போதும். ஒரு சொட்டுப் பாலில் இருபது சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, அதில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து மூடுங்கள். கறந்த பாலைவிட ஹோமோஜினைஸ் செய்த பாக்கெட் பால் நல்லது, கொழுப்புத் துளிகள் பொடியாக இருக்கும். முதலில் எல்லாம் ஒரு பக்கமாக ஓடும், அது வெறும் நீரோட்டம். அது அடங்கட்டும். பிறகு பார்த்தால் ஒவ்வொரு துளியும் இருந்த இடத்திலேயே பதறிக்கொண்டிருக்கும். பெரியது கொஞ்சமாக, சின்னது அதிகமாக. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் பதற்றம் நிற்காது.

ராபர்ட் பிரவுன் 1827-ல் இதைப் பார்த்தார். மகரந்தத்தூளுக்குள்ளிருந்து வந்த நுண்துகள்கள் இப்படி ஆடின. உயிர் இருப்பதால் ஆடுகிறதோ என்று சந்தேகப்பட்டுக் கல்லையும் பொடித்துப் போட்டுப் பார்த்தார், அதுவும் ஆடியது. கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் மோதுவதால்தான் இந்த ஆட்டம் என்றால், துகள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் நகரும் என்று 1905-ல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டுக் கொடுத்தார். பாரிஸில் ழான் பெரின் 1908 முதல் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து, மஞ்சள் பிசின் துகள்களை ஒவ்வொன்றாக அளந்து, எண்ணிப் பார்த்தார். கணக்கும் கண்ணும் ஒத்துப்போயின. ஒரு மோலில் எத்தனை மூலக்கூறு என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணும் அதிலிருந்தே கிடைத்தது. ஓஸ்ட்வால்ட் 1909-ல் தன் பாடநூலின் புதுப் பதிப்பில், அணு இருப்பதற்குச் சோதனைச் சான்று கிடைத்துவிட்டது என்று எழுதினார். பல வருடம் எதிர்த்தவர் சான்றைப் பார்த்ததும் அச்சில் ஒப்புக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

தாம்சனைச் சுருக்கமாகவே முடிக்கலாம். 1897-ல் கேதோடு கதிர்களை அளந்து, ஹைட்ரஜன் அணுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் லேசான ஒரு துகள் எல்லா உலோகத்திலிருந்தும் வருகிறது என்று காட்டினார். அந்த எலக்ட்ரான் இன்றும் இருக்கிறது. அது அணுவுக்குள் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று அவர் வரைந்த படம், நம் புத்தகத்தில் தர்பூசணி என்று வருவது, ஒரு தற்காலிக ஏற்பாடு. மைனஸ் இருந்தால் அதை ஈடுகட்ட பிளஸ் எங்கேயாவது இருக்க வேண்டுமே என்பதற்காக வைத்தது.

ரூதர்போர்டில் நிதானமாக நில்லுங்கள். 1909, அதே மான்செஸ்டர். கைகர் என்ற உதவியாளர், மார்ஸ்டன் என்று 20 வயது மாணவர். தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுகிற தங்க ரேக்கை உங்கள் பிள்ளைகளில் யாராவது பார்த்திருப்பார்கள். தங்கத்தை அதைவிடவும் மெல்லியதாகத் தட்டிக்கொண்டே போனால், வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது பச்சையாகத் தெரியும், ஒளி ஊடுருவும். அப்படிப்பட்ட மெல்லிய உலோகத் தகடுகளை வைத்துத்தான் சோதனை. தங்கத் தகட்டிலேயே ஆயிரம் அணுக்களுக்கு மேல் அடுக்காக இருக்கும். அதன்மேல் ஆல்பா துகள்களை, அதாவது கதிரியக்கப் பொருளிலிருந்து வேகமாக வரும் பிளஸ் மின்சுமைத் துகள்களைப் பாய்ச்சினார்கள். துகள் எங்கே போய் விழுகிறது என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். துத்தநாக சல்பைடு பூசிய சிறு திரையில் துகள் பட்டால் ஒரு பொட்டு மினுங்கும், அவ்வளவுதான். இருட்டறையில் கண் பழகும்வரை காத்திருந்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மினுங்கலை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். 'பெரிய கோணத்தில் ஏதாவது திரும்புகிறதா, பார்' என்று ரூதர்போர்டு அந்தப் பையனிடம் சொன்னார். திரும்பும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. திரும்பியது. பிளாட்டினத்தில் எண்ணியபோது ஏறக்குறைய 8,000 துகளுக்கு ஒன்று வந்த பக்கமே திரும்பியது.

தாம்சன் சொன்னபடி பிளஸ் மின்சுமை அணு முழுவதும் பரவிக் கிடந்தால், இவ்வளவு வேகமான துகளைத் திருப்பி அனுப்ப அதற்கு வலு கிடையாது. மின்சுமை முழுவதும் ஒரே புள்ளியில் திரண்டிருக்க வேண்டும். அந்தப் புள்ளியைத்தான் கரு என்கிறோம். இந்த முடிவுக்கு வர ரூதர்போர்டுக்கு இரண்டு வருடம் ஆனது. 1911-ல் வெளியிட்டார். கரு எவ்வளவு சின்னது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல, பெரிய கோயிலைத் துணைக்குக் கூப்பிடலாம். ஒரு தங்க அணுவைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் 216 அடி உயரத்துக்கு விரித்தால், அதன் கரு மூன்று நான்கு மில்லிமீட்டர். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் வயலில் தெளிப்போமே, அந்த உளுந்து அளவு. அணுவின் எடை கிட்டத்தட்ட முழுவதும் அந்த உளுந்துக்குள் இருக்கிறது.

'ரூதர்போர்டு மாதிரியின் குறைபாடு: எலக்ட்ரான் சுழன்று கருவில் விழுந்துவிடும்' என்று நோட்ஸில் இருக்கும். அதைப் படிக்கிற பிள்ளை, பாவம் அவருக்கு இது தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைக்கும். அவருக்குத் தெரியும். அணு நிலைத்து நிற்குமா என்ற கேள்வியை இப்போதைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று 1911 கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். தன் கையில் இருக்கும் சான்று எதுவரை பேசுமோ அதுவரை பேசி நிறுத்தினார். என் மாணவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுத வரும்போது முதலில் இதைத்தான் காட்டுவேன்.

அவர் ஒத்திவைத்த கேள்வியை நீல்ஸ் போர் எடுத்துக்கொண்டார். பழைய விதிப்படி, சுழலும் எலக்ட்ரான் தன் ஆற்றலை ஒளியாக இழந்துகொண்டே ஒரு விநாடியில் சுமார் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் கருவில் விழ வேண்டும். விழவில்லையே, ஏன்? இதற்குப் போருக்குக் கைகொடுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். சுவிட்சர்லாந்தில் பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்திய பால்மர், அறுபது வயதில், 1885-ல், ஹைட்ரஜன் ஒளியின் நான்கு கோடுகளுக்குள் ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்தார். இதைப் பிள்ளைகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 364.6 என்ற எண்ணை 9/5 ஆல் பெருக்கினால் 656.3. 16/12 ஆல் பெருக்கினால் 486.1. 25/21 ஆல் 434.0. 36/32 ஆல் 410.2. நான்கும் நானோமீட்டரில் அந்த நான்கு கோடுகளின் அலைநீளம். மேலே இருப்பது 3, 4, 5, 6 ஆகியவற்றின் வர்க்கம், கீழே அதிலிருந்து 4 கழித்தது. ஏன் இப்படி என்று பால்மருக்குத் தெரியாது. 28 வருடம் கழித்து, 1913-ல், எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட சில ஆற்றல் படிகள் மட்டுமே உண்டு, ஒரு படியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதுதான் ஒளி வரும் என்று போர் வைத்துப் பார்த்தார். பால்மரின் சூத்திரம் தானாக வந்து விழுந்தது.

ஆற்றல் படி என்பதைக் கண்ணால் காட்ட வேதாரண்யம் கல்லுப்பு ஒரு சிட்டிகை போதும். பொடித்து, ஈரக் கம்பி நுனியில் எடுத்துக் காஸ் அடுப்பின் நீலச் சுடரில் காட்டுங்கள். பளிச்சென்று மஞ்சள் வரும். எந்த ஊர் உப்பானாலும் சோடியத்துக்கு அதே மஞ்சள்தான், 589 நானோமீட்டர். பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்து செய்யட்டும்.

போரின் கணக்கு எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு சம்பவம். ஒரு நட்சத்திரத்தின் ஒளியில் தெரிந்த சில கோடுகளை எல்லோரும் ஹைட்ரஜன் என்றார்கள். போர், அது எலக்ட்ரான் ஒன்றை இழந்த ஹீலியம் என்றார். ஆய்வகத்தில் செய்து பார்த்தபோது ஹீலியம்தான். அப்போதும் பௌலர் என்ற ஆய்வாளர் விடவில்லை. உங்கள் கணக்குப்படி ஹீலியத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் விகிதம் 4 வர வேண்டும், அளந்தால் 4.0016 வருகிறதே என்றார். கருவும் கொஞ்சம் அசையும் என்பதைச் சேர்த்துப் போர் மறுபடி போட்டார். 4.00163 வந்தது.

இப்படிப்பட்டவரைத்தான் 'போர் தப்பு' என்று ஒரு வரியில் கடந்துபோகிறோம். அவர் மாதிரி உடைந்த இடம் தெளிவானது. இரண்டு எலக்ட்ரான் உள்ள சாதாரண ஹீலியத்துக்கே அது பொருந்தவில்லை. 1925-ல் ஹைசன்பர்க்கும் 1926-ல் ஷ்ரோடிங்கரும் வந்தபின், எலக்ட்ரான் ஒரு பாதையில் ஓடுகிறது என்ற எண்ணமே போயிற்று. ஆற்றல் படிகள் போகவில்லை. ஹைட்ரஜனுக்குப் போர் சொன்ன 0.529 ஆங்ஸ்ட்ராம் ஆரமும் போகவில்லை. ஷ்ரோடிங்கரின் கணக்கில் எலக்ட்ரானைக் காண அதிக வாய்ப்புள்ள தூரம் சரியாக அதுவேதான்.

இனி தாத்தாவுக்கு. அவர் பேச்சைத் தட்டிவிடாதீர்கள். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது, அதுவும் நம் மண்ணோடு ஒட்டிய விஷயம். காவிரிப்பூம்பட்டினத்தில் தொடங்கும் மணிமேகலையில், பல சமயத்தார் தங்கள் கொள்கையைச் சொல்லும் காதை ஒன்று வருகிறது. அங்கே ஆசீவகம் என்ற பழைய சமயத்தைச் சேர்ந்தவர் அணுவைப் பற்றிப் பேசுகிறார். அணு புதிதாகப் பிறப்பதில்லை, சிதைவதில்லை. நீரணு நில அணுவாக மாறாது. ஒன்று இரண்டாகப் பிளக்காது, அவல் போலத் தட்டையாகவும் பரவாது. தனி அணு நம் கண்ணுக்குத் தெரியாது, திரண்டால்தான் தெரியும், மாலை மங்கலில் ஒற்றை மயிர் தெரியாமல் கற்றை மட்டும் தெரிவதைப் போல. இந்தக் காப்பியத்தை 1898-ல் அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே. சாமிநாதையர் அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். இதை வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள், அந்தப் பெண் பெருமையோடு கேட்கட்டும். இவ்வளவு கூர்மையாக யோசித்தவர்கள் நம்மிடம் இருந்தார்கள். வைசேடிகம் என்ற தத்துவ மரபினரும் யோசித்தார்கள், கிரேக்கத்தில் டெமாக்ரிட்டஸும் யோசித்தார்.

ஆனால் 'அப்பவே கண்டுபிடிச்சாச்சு' என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆசீவகரின் அணு பிளக்காது, டால்டனின் அணுவும் பிளக்காது. கேட்க ஒன்றுபோல இருக்கும். டால்டன் தன் அணுவுக்கு ஓர் எடையைச் சொல்லித் தராசில் ஏற்றினார். அதனால்தான் தண்ணீர் விஷயத்தில் அவர் மாட்டிக்கொண்டார், மற்றவர்கள் அதைத் திருத்தவும் முடிந்தது. எடையோ எண்ணோ சொல்லாத கொள்கையை யாரும் பிடிக்க முடியாது, திருத்தவும் முடியாது. அது வந்த இடத்திலேயே நின்றுவிடும். தாத்தாவிடம் மரியாதையோடு இந்த வித்தியாசத்தைச் சொன்னால் ஏற்றுக்கொள்வார். நம் முன்னோரின் யோசனையை அது குறைத்துச் சொல்வதாகாது.

'இதுவும் தப்பாயிடுமா' என்பதற்கு வருகிறேன். திருத்தம் நடந்துகொண்டேதான் இருக்கிறது, எந்த அளவில் என்று பையனுக்குக் காட்டுங்கள். 2010-ல் கருவுக்குள் இருக்கும் புரோட்டானின் ஆரத்தைப் புது முறையில் அளந்தார்கள். அதுவரை 0.88 பெம்டோமீட்டர் என்று இருந்தது, 0.84 வந்தது. நான்கு சதவீத வித்தியாசத்துக்கு உலகம் முழுக்க ஆய்வகங்கள் பல வருடம் மறுபடி மறுபடி அளந்தன. பிற்பாடு வந்த அளவீடுகள் பெரும்பாலும் 0.84 பக்கம்தான் நிற்கின்றன. கருவே இல்லை, எலக்ட்ரானே இல்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. அவற்றைப் பற்றி நாம் வரைகிற படம் மாறலாம்.

நீட் விஷயம். வரலாற்றை விடாதீர்கள், நீட்டவும் வேண்டாம். ஒரு மாலை போதும். ஒவ்வொரு பெயருக்கும் 'என்ன அளந்தார், அதிலிருந்து என்ன சொன்னார், எங்கே நின்றுபோனது' என்று மூன்று வரி எழுதவிட்டால் போதும். மதிப்பெண்ணுக்கும் அது உதவும். போர் சூத்திரம் ஹைட்ரஜன், ஒரு எலக்ட்ரான் மட்டும் மிஞ்சிய ஹீலியம் அயனி, லித்தியம் அயனி போன்றவற்றுக்குத்தான் செல்லும். அது எங்கே உடைந்தது என்று தெரிந்த பிள்ளை, சாதாரண ஹீலியத்துக்கு ஹைட்ரஜனின் 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை Z (அணு எண்) வர்க்கத்தால் பெருக்கி விடை எழுதிவிட்டு வராது. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைகள் அந்த இடத்தில்தான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

மைக்ராஸ்கோப் கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள். கல்லூரியில் பழையது ஒன்று தூங்குகிறது, விடுமுறையில் பிள்ளைகளை அழைத்து வந்தால் நானே பால் ஸ்லைடு தயார் செய்து வைக்கிறேன்.